இன்னொரு கதவு



மதுரையில் நீதியைப் பற்றிப் பேச வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் சிலம்பைக் கையில் எடுப்பார். நான் இன்று பாண்டியன் அவைக்குப் போகவில்லை, அங்காடிக்குப் போகிறேன். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சி வருணிக்கும் கடைத்தெருக்கள் இந்த ஊருக்குச் சொந்தமானவை. சங்கப் புலவர் வரிசையில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் இருக்கிறார்; அவர் துணி வணிகர். மணிமேகலை தந்த சாத்தனாரைக் கூலவாணிகன் என்கிறோம்; அவர் தானிய வணிகர். படியும் முழக்கோலும் பிடித்த கைகளே எழுத்தாணியும் பிடித்த ஊரில், விலையைப் பற்றி அரை மணி நேரம் பேச நான் தயங்க வேண்டியதில்லை.

இன்று டிசம்பர் 24. 1986-இல் இதே நாளில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதனால்தான் நாடெங்கும் இன்று நுகர்வோர் நாள். பில் கேட்டு வாங்குங்கள், காலாவதித் தேதி பாருங்கள், எடையைச் சரிபாருங்கள் என்று இன்று பல மேடைகளில் சொல்வார்கள். எல்லாம் சரியான அறிவுரைகள். ஆனால் அத்தனையும் வாங்குகிறவர் காதில் ஓதப்படுபவை. அவர் எவ்வளவுதான் விழிப்பாக இருந்தாலும், ஊரில் ஒரே ஒரு கடைதான் என்றால் அந்த விழிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பில்லில் இருக்கும் விலையே அநியாயம் என்றால், பில் வாங்கி என்ன பயன்? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் ஒன்றின் முன்னால் போய் நின்ற ஒரு பேராசிரியரைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

அவர் பெயர் மனுபாய் ஷா. நேரு காலத்தில் மத்திய அமைச்சராக இருந்த மனுபாய் ஷா வேறு. இவர் அகமதாபாத்துப் பேராசிரியர். குஜராத்திலிருந்து வந்து, தறி போட்டு, தலைமுறை தலைமுறையாக மதுரைக்காரர்களாகவே வாழும் சௌராஷ்டிர மக்களின் ஊரில் அவர் பெயரைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1978-இல் அகமதாபாத்தில் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் உருவானது. அதன் நிர்வாக அறங்காவலர் அவர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று பிறக்க அப்போது இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. நுகர்வோர் நீதிமன்றம் கிடையாது, உதவி எண் கிடையாது. அந்த வெறுங்கையோடு அவர் கேள்வி கேட்கப் போன இடம் எது தெரியுமா? ஆயுள் காப்பீட்டுக் கழகம். எல்.ஐ.சி.

எல்.ஐ.சி.யை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். எத்தனையோ குடும்பங்களில் அப்பா போன பிறகு அடுப்பு எரிந்ததற்கு அந்தப் பணம்தான் காரணம். தனியார் கம்பெனிகள் மக்கள் பணத்தை வைத்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் 1956-இல் அரசு 245 நிறுவனங்களை ஒன்றாக்கி அந்தக் கழகத்தை நிறுவியது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் அன்று தொடங்கி ஏறத்தாழ நாற்பத்து மூன்று ஆண்டுகள், இந்தியாவில் ஆயுள் காப்பீடு எடுக்க வேண்டுமென்றால் போக வேண்டிய கதவு அது ஒன்றுதான். அது சொல்வதுதான் விலை. அது வைப்பதுதான் நிபந்தனை.

காப்பீட்டின் விலை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பாருங்கள். குறிப்பிட்ட வயதுள்ள ஆயிரம் பேரில் ஓராண்டில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று ஓர் அட்டவணை இருக்கும். வசூலாகும் பணம் எவ்வளவு வட்டி ஈட்டும் என்று ஒரு மதிப்பீடு. நிறுவனத்தை நடத்த ஆகும் செலவு. இந்த மூன்றிலிருந்துதான் பிரிமியம் வருகிறது. மக்களின் ஆயுள் கூடக் கூட, சாவுக்கு எதிரான காப்பீட்டின் விலை இறங்க வேண்டும். இறங்குகிறதா என்று பாலிசி எடுத்தவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவர் கையில் இருப்பது பச்சை மையில் கையெழுத்திட்ட ஒரு பத்திரம். நான்கைந்து நிறுவனங்கள் இருந்தால் ஒன்றின் விலையோடு மற்றொன்றின் விலையை ஒப்பிடலாம். ஒன்றே ஒன்று என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? அந்த ஒப்பீட்டை யாராவது உட்கார்ந்து, கணக்குப் போட்டு, எழுதித் தர வேண்டும். மனுபாய் ஷா அதைச் செய்தார்.

1978 ஜூலை 10 அன்று அவர் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டார். பாலிசிதாரர்கள் மீது நடக்கும் மோசடி, அதிர்ச்சி தரும் கதை என்ற பொருளில் அதற்குத் தலைப்பு. பேராசிரியர்கள் வழக்கமாக வைக்கிற தலைப்பு அல்ல அது. கழகத்தின் நடைமுறைகள் பெருவாரியான பாலிசிதாரர்களுக்குப் பாரபட்சமானவை என்பது அறிக்கையின் வாதம். கழகத்தின் தரப்பில் ஒருவர் தி இந்து நாளிதழில் மறுப்பு எழுதினார். ஷா அதற்குப் பதில் எழுதினார்; அதையும் அதே நாளிதழ் வெளியிட்டது. ஒரு தரப்பு, எதிர்த்தரப்பு, இரண்டும் வாசகர் முன்னால். அங்கே முடிந்திருந்தால் அது ஒரு நல்ல விவாதம்.

ஆனால் எல்.ஐ.சி. தன் சொந்த இதழான யோகக்ஷேமாவில் தன் ஆளின் மறுப்பை மட்டும் மறுபதிப்புச் செய்தது. என் பதிலையும் போடுங்கள் என்று ஷா கேட்டார். முடியாது, இது எங்கள் நிறுவனத்தின் இதழ் என்றார்கள். தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் ஒரு சாதாரண மனிதருக்கும் ஒரு பேராசிரியருக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கிறேன். சாதாரண மனிதர் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார். ஷா குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பொதுமக்கள் பணத்தில் அச்சாகி, சந்தா கட்டும் எவருக்கும் கிடைக்கும் இதழ் எப்படி உங்கள் வீட்டுச் சொத்தாகும் என்று கேட்டார். வென்றார். கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1992-இல் உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அரசின் அங்கமான ஒரு நிறுவனம் ஒரு பக்கக் கருத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு மறுபக்கத்தை அடைப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்பது அந்தத் தீர்ப்பு. ஒரு மறுமொழிக் கடிதம் அச்சாவதற்காகப் பதினான்கு ஆண்டுகள்! இன்றும் அரசியல் சட்ட வகுப்பில் பேச்சுரிமைத் தலைப்பின் கீழ் அந்த வழக்கைப் படிக்கிறீர்கள். அதன் வேர் ஒரு பிரிமியத் தொகையில் இருக்கிறது என்பதை எத்தனை வகுப்பறைகள் சொல்லித் தருகின்றன?

அவர் அதோடு ஓயவில்லை. எல்.ஐ.சி.யிடம் குறைந்த பிரிமியத்தில் ஒரு பாலிசி இருந்தது. 58-ஆம் அட்டவணைத் திட்டம். அதை யார் எடுக்கலாம்? அரசு ஊழியர், அரசு சார்ந்த நிறுவன ஊழியர், பேர்பெற்ற வணிக நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர். மற்றவர் எடுக்க முடியாது. நம் ஊரை நினைத்துப் பாருங்கள். கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவருக்கு அந்தப் பாலிசி கிடையாது. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற அம்மாவுக்குக் கிடையாது. மேலூரில் உழுகிறவருக்கு, செல்லூரில் தறி நெய்கிறவருக்கு, ஆட்டோ ஓட்டுகிறவருக்குக் கிடையாது. யாருடைய சாவு ஒரு குடும்பத்தை மறுநாளே தெருவில் நிறுத்துமோ அவர்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. இருந்ததோ ஒரே கதவு. ஷாவின் மையம் அதையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1995 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை சமத்துவ உரிமைக்கு எதிரானது, செல்லாது என்றது. அதே ஆண்டு ஜனவரியில், கல்நார்த் தொழிலாளர்களின் நுரையீரலைப் பற்றி அதே மையம் தொடுத்த வழக்கில், உடல்நலம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு வந்திருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு. இதைவிடப் பெரிய பட்டமளிப்பு எந்தப் பேராசிரியருக்குக் கிடைக்கும்?

ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் போட்ட வழக்குகள் நுகர்வோர் வழக்குகளா, ஏகபோகத்துக்கு எதிரான வழக்குகளா? பிரிக்க முடியவில்லை. ஒரே விற்பனையாளர் இருந்ததால்தான் அந்த அநியாய நிபந்தனை நிலைத்தது. நான் இன்று வலியுறுத்த வந்ததும் இதைத்தான். கடைக்குள் நுழைந்த பிறகு ஏமாற்றப்பட்டால் கேட்பதற்கு நுகர்வோர் சட்டம். பிடிக்காவிட்டால் வெளியே வந்து நுழைவதற்கு இன்னொரு கதவு இருக்கும்படி பார்த்துக்கொள்வது போட்டிச் சட்டம். ஒன்று இல்லாமல் மற்றொன்று பாதி.

நம் நாட்டில் இந்த இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தன. 1969-இன் ஏகபோக, கட்டுப்பாட்டு வணிக நடைமுறைச் சட்டம் முதலில் ஏகபோகத்தையும் கட்டுப்பாட்டு வணிக நடைமுறைகளையும் மட்டுமே பார்த்தது. நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 1978-இல் சொன்னதன் பேரில், பொய் விளம்பரம், போலித் தள்ளுபடி போன்ற நேர்மையற்ற வணிக நடைமுறைகளும் 1984-இல் அதற்குள் வந்தன. அரசு நிறுவனங்களை மட்டும் அந்தச் சட்டம் 1991 வரை தொடவில்லை, அதனால்தான் எல்.ஐ.சி. விஷயத்தில் ஷா அரசியல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போராட நேர்ந்தது. பிறகு 1999 அக்டோபரில் எஸ்.வி.எஸ். ராகவன் தலைமையில் ஒரு குழு, 2000-இல் அறிக்கை, 2002-இல் போட்டிச் சட்டம். 2009-இல் பழைய சட்டம் மறைந்தது. பிரிவினை முடிந்தது. நேர்மையற்ற வணிகம் நுகர்வோர் மன்றங்களுக்குப் போனது, கூட்டுச்சதியும் ஆதிக்கமும் டெல்லியில் போட்டி ஆணையத்துக்குப் போயின.

வகுப்பறையும் அப்படியே பிரிந்தது. பார் கவுன்சில் பாடத்திட்டத்தில் நுகர்வோர் சட்டம் தீங்கியல் சட்டத் தாளின் வால். போட்டிச் சட்டமோ விருப்பப் பாடம். ஒரு மாணவர் ஒன்றைப் படித்து மற்றொன்றைப் படிக்காமலேயே கறுப்பு அங்கி போட்டுக்கொள்ளலாம். இது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேறு விதமாக நடத்திக் காட்டிய நாடும் உண்டு. ஆஸ்திரேலியாவின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒரே நூலுக்குள் வைத்தது. இன்று அந்தச் சட்டத்தின் பெயரே போட்டி, நுகர்வோர் சட்டம். அதைச் செயல்படுத்தும் ஆணையத்தை 1995 முதல் 2003 வரை நடத்தியவர் ஆலன் ஃபெல்ஸ் என்ற பேராசிரியர். சட்டமும் பொருளாதாரமும் படித்தவர். மோனாஷ் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். ஆணையத்தை விட்டபின் மீண்டும் கல்வித் துறைக்கே போய், அரசு நிர்வாகிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரிக்கு முதல் தலைவரானார். 1995-க்கு முன்பே, அந்த ஆணையத்தின் முன்னோடி அமைப்பை அவர் நடத்தியபோது வந்த ஒரு வழக்கு நம் கதையோடு ஒத்துப்போகிறது. காப்பீட்டு முகவர்கள் தொலைதூரப் பழங்குடிக் கிராமங்களுக்குப் போய், அந்த மக்களுக்குப் பொருந்தாத பாலிசிகளைத் தலையில் கட்டிவிட்டு வந்தார்கள். ஃபெல்ஸ் தலைமையிலான அமைப்பு நிறுவனங்களைப் பிடித்துப் பணத்தைத் திருப்பித் தர வைத்தது. இன்னொரு புறம் அதே மனிதர், சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களின் விலைக் கூட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஒரே மேசையில் இரண்டு கோப்புகள். அவருக்கு அது இயல்பு.

நம் ஆணையத்தின் மேசைக்கு வருவோம். வீடு கட்டியவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். 2010-இல் இந்தியக் கட்டுநர் சங்கம் ஒரு புகார் கொடுத்தது: சிமெண்ட் ஆலைகள் சேர்ந்துகொண்டு விலை வைக்கின்றன. திறன் இருந்தும் ஆலைகள் முழுதாக ஓடவில்லை, சங்கக் கூட்டங்களில் விலைத் தகவல் கைமாறுகிறது, விலைகள் ஒன்றுபோல் நகர்கின்றன என்று ஆணையம் கண்டது. 2012 ஜூன் மாதத்தில் பதினோரு நிறுவனங்களுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். தமிழ்நாட்டைத் தலைமையிடமாகக் கொண்டவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் 2015-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்து செய்தது. காரணம், வாதங்களைக் கேட்கும் அமர்வில் இல்லாத தலைவர் தீர்ப்பில் கையெழுத்திட்டிருந்தார். சட்ட மாணவர்களே, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கேட்டவரே தீர்க்க வேண்டும் என்ற பழைய விதியின் முன்னால் ஆயிரம் ஆயிரம் கோடியும் நிற்கவில்லை. மறுபடி விசாரணை, 2016-இல் மறுபடி அபராதம், 2018-இல் மேல்முறையீட்டில் அது உறுதியாயிற்று, அடுத்து உச்ச நீதிமன்றம்.

இதில் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. திருநகரில் கடன் வாங்கி இரண்டு அறை வீடு கட்டியவர் அந்தக் காலத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அந்தப் பணம் அவருக்குத் திரும்புமா? அபராதம் போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தை அணுக 53-என் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் அளவுக்குச் சிறு வாங்குநரை யாரும் தயார்படுத்தவில்லை. எத்தனை மூட்டை, எந்தத் தேதி, என்ன விலை என்ற ரசீதுகளைச் சேர்த்து வைத்த ஒரு நுகர்வோர் சங்கம் இருந்திருந்தால்? அந்த ரசீதுகளைக் கூட்டிக் கழித்துக் காட்ட ஒரு பேராசிரியர் இருந்திருந்தால்? இரண்டு சட்டங்களும் வீடு பிரிந்ததன் விலை இதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 1999 அக்டோபரில் டெல்லியில் ராகவன் குழு அமைந்தது என்றேன். அடுத்த மாதம், நவம்பர் 14, மதுரையில் என்ன நடந்தது? அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் கலைஞர் திறந்து வைத்தார். டெல்லியில் போட்டியை எப்படிச் சட்டமாக்குவது என்று விவாதித்துக்கொண்டிருந்தபோது, மதுரையில் போட்டியைத் தராசில் வைத்து நிறுத்துக் கொடுத்தார்கள். விவசாயிக்குப் படத்தோடு அடையாள அட்டை, இலவசக் கடை, தராசு, காலையில் எழுதும் விலைப்பலகை. மொத்த விலையைவிட அவருக்குக் கூட, சில்லறை விலையைவிட நமக்குக் குறைய. இடையில் இருந்த கைகளைத் தண்டிக்க அங்கே யாரும் வழக்குப் போடவில்லை. விவசாயிக்கு இன்னொரு கதவு திறந்தது, அவ்வளவுதான். பக்கத்துத் தெருக் காய்கறிக் கடைக்காரரும் அந்தப் பலகையைப் பார்த்துத் தன் விலையை யோசிக்க வேண்டியதாயிற்று. போட்டிச் சட்டத்தின் முதல் பாடத்தை மதுரைத் தாய்மார்கள் கூடையோடு போய்ப் படித்துவிட்டார்கள்.

அந்த அனுபவத்தைச் சட்டம் படிப்பவர்கள் ஆராய்ந்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் ஒரு பேராசிரியர் அப்படிச் செய்தார், வேறொரு பொருளில். வெங்காய விலை எகிறிய 2010-க்குப் பிறகு போட்டி ஆணையம், வெங்காயச் சந்தையில் போட்டி இருக்கிறதா என்று ஆராயும் பணியை பெங்களூர் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்தது. தலைமை ஏற்றவர் பி.ஜி. செங்கப்பா, பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர். துணைவேந்தர் பதவிக்குப் பிறகு ஒருவர் மண்டிகளுக்குப் போய் ஏலத்தைக் கவனிப்பதை நான் பெரிய செய்தியாகக் கருதுகிறேன். மகாராஷ்டிரம், கர்நாடகச் சந்தைகளைப் பார்த்து 2012-இல் அறிக்கை வந்தது. சில பெரிய வியாபாரிகள் கையில் வணிகம் குவிந்திருப்பதையும், புதியவர் உள்ளே நுழைவது அரிதாயிருப்பதையும் அது எடுத்துச் சொன்னது. யாரையும் தண்டிக்கும் அளவுக்கான ஆதாரம் அது அல்ல. ஆனால் நாசிக் வெங்காயத்துக்கு இப்படி ஓர் அறிக்கை இருக்கிறது. மதுரை மல்லிக்கு எங்கே?

மல்லிகைக்கு 2013-இல் புவிசார் குறியீடு வாங்கினோம், பெருமைப்பட்டோம். பெயரைப் பாதுகாத்துவிட்டோம். விலையை? திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் விடியுமுன்னே மொக்குப் பறிக்கிற பெண்ணுக்கு நேரம் ஒரு கொடுமை. நெல்லை மூட்டை கட்டி வைக்கலாம். மல்லிகை மாலைக்குள் மலர்ந்துவிடும். காத்திருக்க முடியாத விற்பவர் எப்போதும் பலவீனமான விற்பவர். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் அந்தக் கடைக்கே பூவைக் கொண்டுபோக வேண்டும். அங்கேயும் ஒரே கதவு. முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களைத் தொடுகிறது; முகூர்த்தம் இல்லாத மழைக்கால நாளில் பறிகூலிக்குக் கட்டுவதில்லை. விலை சரிந்த நாளில் வாங்குவது சென்ட் ஆலைகள். அந்த ஆலைகள் எத்தனை, அவை தனித்தனியாக விலை சொல்கின்றனவா, ஏலத்தில் உண்மையில் எத்தனை பேர் கேட்கிறார்கள், கிலோவுக்கு விவசாயி வாங்கியது எவ்வளவு, கோயில் வாசலில் முழத்துக்கு நாம் கொடுப்பது எவ்வளவு? யார் மீதும் நான் குற்றம் சுமத்தவில்லை. கமிஷன் கடைக்காரரும் இந்த ஊர் மனிதர்தான். கடன் கொடுத்து, வாராக் கடனையும் சுமந்து, இரவெல்லாம் விழித்திருப்பவர். அவருக்கும் நியாயமான விடை வேண்டும். கேள்வியை அளந்து, எழுதி, பொதுவில் வைக்க ஆள் இல்லை என்பதே என் ஆதங்கம்.

மதுரைக்கு அந்த ஆற்றல் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையின் தலைவராக இருந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1976-இல் ஓய்வு பெற்று, பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அன்று வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒன்று ஏறத்தாழ நூறு டாலர். வாடிப்பட்டித் தாத்தாவுக்கு அது கனவு. அவர்கள் விலையைக் குறை சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. 1992-இல் இதே மதுரையில் ஆரோலேப் என்ற ஆலையைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விலை இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. எந்த ஆணையமும் ஆணையிட்டு அந்த விலை இறங்கவில்லை. ஒரு பேராசிரியரும் அவரோடு நின்றவர்களும் இன்னொரு விற்பனையாளராக வந்து நின்றார்கள், அதனால் இறங்கியது. போட்டிச் சட்டத்தைப் பற்றி எழுதுகிற எவரும் மதுரைக்கு வந்து இதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பேன்.

சட்டம் நமக்கு எவ்வளவு திறந்துவிட்டிருக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி, டெல்லிக் கடையில் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். முளைக்காத விதை வாங்கி ஏமாந்த விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே விவசாயச் சங்கத்தார் இருந்தால் அதை ஊருக்குக் கொண்டுபோங்கள். போட்டி ஆணையத்துக்குத் தகவல் கொடுக்க, நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2020 டிசம்பரில், ஓலா, ஊபர் கட்டணத்தைப் பற்றி ஒரு வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. அந்த வழக்கில் அவர் தோற்றார். ஆனால் எந்த மனிதரும் தகவல் தரலாம் என்ற வழியை நம் எல்லோருக்கும் வென்று கொடுத்துவிட்டுத் தோற்றார்.

ஆகவே இந்த மேடையிலிருந்து மதுரையின் கல்வி நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள். அரசு சட்டக் கல்லூரியும் காமராசர் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையும் சேர்ந்து, இந்த இரண்டு சட்டங்களையும் ஒன்றாகக் கற்பிக்கும் ஒரு மையத்தை மதுரையில் நிறுவ வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஒரு பேராசிரியர், சட்டத்திலும் பொருளாதாரத்திலும் பத்துப் பத்து மாணவர்கள், ஓர் அறை. அங்கே ஆராயப்படும் முதல் ஆவணம் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் விலைக் குறிப்பாக இருக்கட்டும். இரண்டாவது, மருந்துக் கடைகள். மொத்த விற்பனையாளரை நியமிக்கக் கடைக்காரர் சங்கத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற வழக்கத்தை 2013-இலேயே போட்டி ஆணையம் சட்டவிரோதம் என்றது. அந்த வழக்கம் நம் மாவட்டத்தில் போய்விட்டதா, வேறு பெயரில் இருக்கிறதா என்று மாணவர்கள் நேரில் போய்க் கேட்டு எழுதட்டும்.

பெரிய மையம் எழும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பொங்கலுக்கு முன்னால் மார்கழி முழுதும் பூ விலை ஏறும். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரும். இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம். தினமும் விடியற்காலையில் ஏலத்தில் என்ன விலை, எத்தனை பேர் கேட்டார்கள், விவசாயி கையில் கழிவு போக என்ன வந்தது, அதே நாள் மாலை சித்திரை வீதியில் முழம் என்ன விலை. நான்கே கட்டங்கள் உள்ள ஒரு தாள். விவசாயியின் சம்மதத்தோடு, கடைக்காரரின் பதிலையும் பக்கத்திலேயே எழுதி. மனுபாய் ஷா கேட்டது அந்த இரண்டாவது பக்கத்தைத்தானே. பங்குனி முடிவதற்குள் நம் கையில் மூன்று மாதக் கணக்கு இருக்கும். அதை மாவட்ட ஆட்சியரிடமும் வேளாண் விற்பனைத் துறையிடமும் கொடுப்போம். கணக்கு அப்படிச் சொன்னால் போட்டி ஆணையத்துக்கும் அனுப்புவோம்.

அதற்குப் பேர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் வாருங்கள். வியாபாரிகள் தரப்பிலிருந்து யாராவது வந்தால் இன்னும் மகிழ்ச்சி. முதல் தாளில் எந்தெந்தக் கேள்வி இருக்க வேண்டும் என்பதை அவர்களோடு உட்கார்ந்தே முடிவு செய்வோம்.